வலையில் கிடந்த எழுத்து நூலான கதை

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐரோலியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்தார். கைபேசியில் ஆங்கிலத்தில் வந்திருந்த மின்னஞ்சலொன்றைக் காட்டி, "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். படித்துப் பார்த்தோம். காலஞ்சென்ற அவருடைய கணவர் பெயரில் இருந்த இணையத்தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படவில்லை யென்றும், முப்பது நாட்களுக்குள் செலுத்தாவிடின் அதிலுள்ள பக்கங்கள் யாவும் நீக்கப்படும் என்றும் கண்டிருந்தது. அம்மடல் வந்து அன்றைக்குப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன.

கட்டணத்தைச் செலுத்திவிட்டாற் போயிற்று என்று அன்பர்கள் நினைக்கலாம். நாமும் அவ்வாறே நினைத்தோம். ஆனால் கணக்கு பெரியவர் பெயரில் இருந்தது. கடவுச்சொல்லோ அவரோடு போயிற்று. நிறுவனத்தாருக்கு எழுதினால் ஒவ்வொரு முறையும் ஒரே விடை, ஒரே சொற்களில், ஒரு மணித்துளிக்குள் வந்தது. எழுதியது மனிதரல்லர் என்பது மூன்றாம் மடலில்தான் நமக்கு உறைத்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைத் திரட்டி அவர்கள் கேட்ட வடிவில் அனுப்பி முடிப்பதற்குள் மீதியிருந்த பத்தொன்பது நாட்களும் கழிந்துவிடும். அந்நிறுவனத்தின் பெயரை ஈண்டுக் கூறுவதால் பயனொன்றும் இல்லை.

நீக்கப்படவிருந்தவை எழுபத்து நான்கு கட்டுரைகள். பெரியவர் பணி ஓய்வு பெற்றபின் பத்தாண்டுக் காலம் எழுதியவை. மாதுங்காவில் ஒண்டுக் குடித்தனமாகத் தொடங்கி, செம்பூரில் சில ஆண்டுகள் இருந்து, இறுதியில் ஐரோலிக்கு வந்து சேர்ந்தவர் அவர். தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கென்று நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் கூறக் கேட்ட செய்திகள். சேடா நகர் முருகன் கோயிலுக்கு விரதமிருந்து நடந்து சென்ற நாட்கள். மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டு விற்றவர் எந்த ஊர்க்காரர், காப்பிக்கொட்டை வறுத்துக் கொடுத்தவர் எந்த ஊர்க்காரர் என்பன போன்ற சிறு சிறு விவரங்கள். இலக்கியம் என்று எவரும் கொண்டாடமாட்டார்கள். எனினும் இந்நகரத் தமிழரைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதி வைத்தவர் நாமறிந்த வரையில் மிகச் சிலரே. அவற்றுக்கு அச்சுப் பிரதி கிடையாது. கையெழுத்துப் படியும் கிடையாது. அவர் நேரே கணினியிலேயே எழுதியிருந்தார்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே பரவலாக உண்டு. நிகழ்ந்தது வேறு. ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடம் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் முடிந்தது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் அடைக்கப்பட்டன. இம்மூன்றிலும் தமிழர் எழுதியவை ஏராளம். யாரேனும் முன்கூட்டியே படியெடுத்து வைத்தவை பிழைத்தன, ஏனையவை போயின. பெருநிறுவனங்களின் கதியே இதுவாயின், தனி மனிதர் ஒருவர் ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருந்த பக்கத்தின் ஆயுளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

முதலில் நாம் செய்தது எளிய காரியம். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்தோம். ஓர் இரவில் எழுபத்து நான்கும் முடிந்தன. அழிவினின்று காத்தாயிற்று என்ற அளவில் நிம்மதி. மறுநாள் அம்மையாரின் கைபேசியில் ஒரு கோப்பைத் திறந்து காட்டியபோதுதான் குறை விளங்கிற்று. பி.டி.எஃப். என்பது தாளின் நிழற்படம் போன்றது. தாளின் அகலம் எவ்வளவோ அவ்வளவு அகலத்திலேயே வரி நிற்கும். கைபேசித் திரையில் அது எறும்பெழுத்தாகத் தெரிந்தது. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போயிற்று. அம்மையார் விரலால் இடமும் வலமும் தள்ளித் தள்ளி மூன்று வரி படித்தார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; "பரவாயில்லை தம்பி, இருக்கிறதே, அதுவே போதும்" என்றார். போதாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

இதற்கு மாற்று மின்னூல் வடிவம். ஈபப் என்று அதற்குப் பெயர். 2007ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பும், 2011இல் மூன்றாம் பதிப்பும் வரையறுக்கப்பட்டன. முன்னர் அதனைப் பேணிவந்த பன்னாட்டு மின்பதிப்பு மன்றம் 2017இல் வையவிரிவலைக் கூட்டமைப்போடு இணைந்துவிட்டது. ஈபப் நூலில் வரிகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமே மடங்கி ஒழுகும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி வெளியே ஓடாது. இணையத் தொடர்பின்றியும் படிக்கலாம். மும்பையிலிருந்து தெற்கே செல்லும் வண்டி கர்ஜத்தைத் தாண்டி லோணாவளா மலையேறும்போது, குகை குகையாக நுழைந்து வெளிவரும் அந்த ஒரு மணி நேரத்தில் கைபேசித் தொடர்பு எத்தனை முறை அறுபடும் என்பதை ஊருக்குச் சென்று வரும் குடும்பங்கள் அறியும்.

ஈபப் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புவோர், அதன் பெயரின் இறுதியிலுள்ள ஈபப் என்ற ஒட்டை நீக்கி சிப் என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். மாயமொன்றும் இல்லை. அது பல கோப்புகளை அடக்கி இறுகக் கட்டிய ஒரு மூட்டைதான். மூட்டையின் வாயில் முதற்கோப்பாக மைம்டைப் என்பது இருத்தல் வேண்டும். அதனுள் இருபதே எழுத்துக்கள் கொண்ட ஆங்கிலத் தொடர் ஒன்று. 'இஃது ஈபப் மூட்டை' என்று அறிவிக்கும் சீட்டு அது. மற்றவற்றைச் சுருக்கிக் கட்டலாம். இதனை மட்டும் சுருக்காமல் வைத்தல் வேண்டும் என்பது விதி. அடுத்து, முதன்மைக் கோப்பு எங்கே உளது எனக் காட்டும் சிறு கோப்பு. அம்முதன்மைக் கோப்பில் மூன்று பகுதிகள்: நூலின் பெயர், ஆசிரியர், மொழி முதலிய விவரம் ஒன்று, மூட்டையிலுள்ள எல்லாப் பொருள்களின் பட்டியல் ஒன்று, எதன்பின் எதனைப் படிப்பது என்னும் வரிசை ஒன்று.

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. வண்டியில் ஏற்றிய சரக்கனைத்துக்கும் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத மூட்டை வண்டியில் இருந்தாலும் குற்றம். பட்டியலில் உள்ள மூட்டை வண்டியில் இல்லாவிட்டாலும் குற்றம். ஈபப்பிலும் அப்படியே. பெட்டிகளைக் கோக்கும் வரிசை தனி. அதுவும் ஈபப்பில் தனியே எழுதப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாம் இவ்வேலையில் துணிந்து இறங்கியதற்கு இந்த ஒற்றுமையே காரணம் என்று சொல்லலாம்.

இப்பாதையில் நாம் முன்னோடிகள் அல்லோம். 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தைப் பின்பற்றி, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளிலிருந்த தமிழ் அன்பர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து கொடுத்தனர். அது பழநூல்களுக்கு. இணையத்தில் அன்றாடம் எழுதப்படுவனவற்றை மின்னூலாக்கும் பணியை 2013இல் த. சீனிவாசனும் நண்பர்களும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' என்ற பெயரில் மேற்கொண்டனர். அதற்கு முன் ஆண்டிலேயே 'கணியம்' என்னும் இணைய இதழைத் தொடங்கிக் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதி வந்தவர்கள் அவர்கள். வலையில் எழுதுவோரை அணுகி, யாவரும் படிக்கவும் பகிரவும் இசைவு தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை அவர்களிடம் எழுத்தில் பெற்று, எழுத்தைத் தொகுத்து, அட்டைப்படம் வரைந்து, ஈபப்பாகவும் கிண்டிலுக்குரிய வடிவிலும் பி.டி.எஃபாகவும் இலவசமாக வெளியிட்டனர். பி.டி.எஃபிலேயே தாளில் அச்சிடுவதற்கு ஒன்று, ஆறங்குலக் கருவியில் படிப்பதற்கு ஒன்று என்று இரண்டு அளவு வைத்தார்கள். நாம் மேலே பட்ட பாட்டை அவர்கள் எப்போதோ பட்டுத் தெளிந்திருக்கிறார்கள் என்பது அதனைக் கண்டபோதுதான் புரிந்தது. தொடக்கத்தில் பிரஸ்புக்ஸ் என்னும் இணையச் சேவையில் ஒவ்வொரு கட்டுரையையும் ஒட்டி நூலாக்கினார்கள். பொறுமைக்குரிய வேலை. இன்று நூற்றுக்கணக்கான தமிழ் நூல்கள் அங்கே உள்ளன.

நமக்கோ நாட்கள் குறைவு. கையால் ஒட்டுவதற்குப் பதில் நிரல் எழுதிச் செய்யலாம் என்றார் நண்பர் ஒருவர். ஐரோலி மைண்ட்ஸ்பேஸ் வளாகத்தில் வேலை பார்க்கும் இளைஞர் அவர். ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்த மொழி. பெரும்பாலும் உலாவிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த அதனை, 2009இல் வந்த நோட்.ஜெ.எஸ். உலாவிக்கு வெளியேயும் பரவலாக ஓடச் செய்தது. இந்த வேறுபாடு நமக்கு முக்கியம். உலாவிக்குள் ஓடும் நிரல், ஒரு தளத்திலிருந்துகொண்டு வேறொரு தளத்தின் பக்கத்தை அதன் அனுமதியின்றி எடுத்துப் படிக்க முடியாது. பாதுகாப்புக்காக வைத்த வேலி அது. நோட்.ஜெ.எஸ்.ஸில் அவ்வேலி இல்லை.

பிறர் எழுதி இலவசமாக வழங்கியுள்ள நிரல்தொகுதிகளை நூலகம் என்கின்றனர். அவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று ரீடபிலிட்டி. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை ஆக்கிய மொசில்லா நிறுவனத்தாரின் நூலகம் அது. பக்கத்திலுள்ள விளம்பரம், பக்கவாட்டுப் பட்டி, மேற்கட்டு, அடிக்கட்டு ஆகியவற்றைக் களைந்து கட்டுரையை மட்டும் எடுத்துத் தரும். அரிசியிலிருந்து கல் பொறுக்குவது போன்ற பணி. மற்றொன்று ஈபப்-ஜென். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், அட்டைப்படம், கட்டுரைகளின் தலைப்பும் உள்ளடக்கமும் கொண்ட பட்டியல் ஆகியவற்றை அதனிடம் கொடுத்தால், படங்களை இறக்கி உள்ளே வைத்து, மேலே நாம் விவரித்த மூட்டையை விதிப்படி கட்டிக் கொடுத்துவிடும். நாம் எழுதிய நிரல் எழுபது வரிகளுக்கு மேல் இராது. அதிலும் பாதி நண்பர் எழுதியது. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு முதல் மின்னூல் பிறந்தது. பிழைகளோடு பிறந்தது.

முதற்பிழை வரிசை. பெரியவரின் பக்கங்களை ஒன்று முதல் எழுபத்து நான்கு வரை எண்ணிட்டு வைத்திருந்தோம். நூலைத் திறந்தால் முதற் கட்டுரைக்குப்பின் பத்தாம் கட்டுரை வந்தது, பிறகு பதினொன்று; பத்தொன்பது முடிந்தபின் இரண்டு. ஜாவாஸ்கிரிப்ட் வரிசைப்படுத்தும்போது, வேறு வகையாகச் சொல்லாவிடின், எண்களையும் சொற்களாகவே கொண்டு முதலெழுத்தைப் பார்த்து அடுக்கும். 'ஒன்று' என்னும் இலக்கத்தில் தொடங்கும் பத்து, 'இரண்டு' என்னும் இலக்கத்துக்கு முன்னே வந்துவிட்டது. நாமாகப் பெட்டிகளை இப்படிக் கோத்திருந்தால் நம் வேலை போயிருக்கும். எண்ணை எண்ணாகவே ஒப்பிடுமாறு ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று.

ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு இருமுறை வந்தது மற்றொன்று. ஈபப்-ஜென் தானாகவே தலைப்பை மேலே இடும். கட்டுரைக்குள்ளும் அதே தலைப்பு இருந்தது. இதனை நிறுத்துவதற்கென்றே ஒரு விருப்பத்தேர்வு உண்டு. பொருளடக்கத்தின் தலையில் ஆங்கிலச் சொற்கள் வந்தமைக்கும் அப்படியே ஒரு தேர்வு உண்டு. இவை சிறு பிழைகள்.

பெரும்பிழை ஒன்றினை நாமே கண்டுபிடிக்கவில்லை, அம்மையார் கண்டார். நான்காம் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தவர், "இதை எந்த வருடம் எழுதினார் என்று இல்லையே?" என்றார். கல் பொறுக்கிய ரீடபிலிட்டி, கட்டுரையின் மேலே சிற்றெழுத்தில் இருந்த தேதியையும் கல்லென்று கருதி எறிந்துவிட்டது. "சென்ற வாரம் மாதுங்காவுக்குப் போயிருந்தேன்", "இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கடை மூடப்பட்டது" என்றெல்லாம் எழுதியிருந்தார் பெரியவர். தேதியின்றி அவற்றுக்குப் பொருள் யாது? எழுபத்து நான்கு பக்கங்களையும் மறுபடியும் படித்து, தேதியைத் தனியே எடுத்து, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் சேர்த்தோம். அவ்வேலை நடந்தபோது தளம் நீக்கப்பட ஆறு நாட்களே இருந்தன. இன்னும் ஒரு வாரம் கழித்துக் கண்டிருந்தால் தேதிகள் போனவை போனவையே.

கட்டுரைகளுக்குள் ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்புகளும் அத்தகையன. "இதைப்பற்றி முன்னரே எழுதியிருக்கிறேன்" என்று அவர் இணைத்திருந்த இடங்கள் யாவும் இணையத்தளத்தையே சுட்டின. தளம் போனபின் அவை வெறுவெளியைச் சுட்டும். அவற்றை நூலுக்குள்ளேயே உரிய கட்டுரையைச் சுட்டுமாறு மாற்ற இரண்டு இரவுகள் பிடித்தன.

பிறகு ஈபப்-செக் என்னும் சோதனைக் கருவியால் நூலைச் சோதித்தோம். உலாவி பொறுமைசாலி, திறந்த குறியை மூடாவிட்டாலும், வழக்கொழிந்த குறிகளை இட்டாலும் எப்படியோ ஒப்பேற்றிக் காட்டிவிடும். ஈபப் விதி அவ்வளவு தாராளமன்று. பெரியவருக்குத் தலைப்புகளைச் சிவப்பெழுத்தில் நடுவே வைப்பதில் ஆசை போலும். அதற்கு அவர் கையாண்ட பழைய குறிகளை மூன்றாம் ஈபப் ஏற்பதில்லை. அக்குறிகளை நீக்கி, சிவப்பை மட்டும் நடைத்தாள் வழியே மீண்டும் கொடுத்தோம். நிறம் வேண்டாமென்று நண்பர் சொன்னார். பெரியவர் இட்ட நிறம் இருக்கட்டும் என்றோம்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் தனி. ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடமளித்தார்கள். 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. வழக்கமாகச் சேமிக்கும் முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆகப் பதினைந்து. இதனால் தமிழ் நூல் பெருத்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. மூட்டையைச் சுருக்கிக் கட்டியபின் படங்கள் நீங்கலாக எழுபத்து நான்கு கட்டுரைகளும் அரை மெகாபைட்டுக்கும் குறைவாகவே இருந்தன.

சிக்கல் வேறிடத்தில். 'கொ' என்பதை இரு வகையாக எழுதலாம். ஒகரக் குறியை ஒன்றாக இடுவது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. தேடும்போது வேறு வேறு. 'கொத்தவால்' என்று தேடினால் நூலில் பாதி இடங்கள் அகப்படவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே நார்மலைஸ் என்னும் கட்டளை உண்டு. ஒரே வரியில் தீர்ந்தது. 'ஔவை'யை 'ஒள' என்று ஒகரத்தோடு ளகரம் சேர்த்து எழுதிய இடங்களை மட்டும் அக்கட்டளையால் தீர்க்க இயலவில்லை. அவை கணினிக்கு மெய்யாகவே வேறு எழுத்துக்கள். 'ஒளி', 'ஒளவை' இரண்டிலும் முதல் இரண்டு குறிகள் ஒன்றே அன்றோ? கண்ணால் பார்த்தே திருத்தினோம்.

முதல் ஒன்பது கட்டுரைகள் இன்னும் பழமையானவை. அவை ஒருங்குறியில் இல்லை. ஒருங்குறி பரவாத காலத்தில் தமிழர்கள் தமக்குள் இணையத்தில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்னும் குறியேற்றத்தில் இருந்தன. பெரியவர் கற்றுக்கொண்ட காலத்துப் பழக்கத்தை நெடுநாள் விடவில்லை போலும். திஸ்கியில் 'கெ' என்பதற்குக் கண்ணால் காணும் முறைப்படி கொம்பு முதலிலும் ககரம் பின்னும் வரும். ஒருங்குறியில் ஒலிக்கும் முறைப்படி ககரம் முதல், கொம்பு பின். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது. இடமும் மாற்ற வேண்டும். இணையத் தமிழர் பலரும் அறிந்த சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் இதற்கென்றே உள்ளன. நம் நிரலிலும் அம்முறையை அமைத்துக்கொண்டோம்.

எல்லாவற்றினும் நம்மைத் தலைகுனியச் செய்தது மொழிக்குறி. நூலின் விவரப் பகுதியில் மொழி எது என்று இரண்டு எழுத்துக் குறியால் சொல்ல வேண்டும். நாம் சொல்லாமல் விட்டோம். சொல்லாவிடின் ஈபப்-ஜென் ஆங்கிலம் என்று எழுதிவிடும். படிப்பதற்கு இதனால் தடையில்லை. ஆகவே பத்து நாட்கள் எவரும் கவனிக்கவில்லை. பெரியவரின் பேத்தி இங்கே ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. நம் குடும்பங்களில் பலவற்றில் உள்ளது போலவே தமிழ் பேசுவாள், பேசினால் விளங்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் களைத்துவிடுவாள். நூலை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி சில செயலிகளில் உண்டு. அதனை அவள் இயக்கினாள். நூல் ஆங்கிலம் என்று எண்ணிய செயலி ஆங்கிலக் குரலை அழைத்தது. அக்குரலுக்குத் தமிழெழுத்து எதுவும் தெரியாது. இடையிடையே வந்த ஆண்டுகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மற்றவற்றை விழுங்கிற்று. "தாத்தா வெறும் நம்பர்தான் எழுதியிருக்காரா, மாமா?" என்று கேட்டாள் பெண். மொழிக்குறியைத் தமிழ் என்று மாற்றி மறுபடி மூட்டை கட்டிக் கொடுத்தோம். அன்று மாலை சமையலறையில் அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் வைத்த கைபேசி மாதுங்கா மார்க்கெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததாம். குரல் இயந்திரக் குரல்தான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை என்பது அம்மையாரின் குறை.

இனி உரிமையைப் பற்றி. வலையில் கிடப்பதெல்லாம் எடுப்பார் கைப்பிள்ளை என்று எண்ணுவோர் உளர். அது தவறு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளிலும் அவர் மறைந்தபின் அறுபது ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவர் வழியினருக்கும் உரியது. அம்மையார் வந்து கேட்டார் என்பதற்காக மட்டும் நாம் வெளியிட்டுவிடலாகாது. கோயம்புத்தூரிலிருக்கும் மகளையும் கேட்டோம். தொலைபேசியில் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "தம்பி, நாற்பத்தெட்டாவது கட்டுரையைப் படித்தீர்களா?" என்றார். படித்திருந்தோம். ஊரிலுள்ள பங்கு நிலத்தைப் பற்றி உடன்பிறந்தாரோடு நேர்ந்த பிணக்கை அதில் பெரியவர் பெயரோடு எழுதியிருந்தார். "சித்தப்பா இப்பொழுது படுக்கையில் இருக்கிறார். அப்பா எழுதியது பொய்யில்லை. ஆனாலும் அது வேண்டாம்" என்றார் மகள். அம்மையாரோ, அவர் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட எடுக்கலாகாது என்றார். தாய்க்கும் மகளுக்கும் இடையே நாம் என்ன சொல்ல முடியும்? வலையில் எட்டு ஆண்டுகள் யாவரும் காணக் கிடந்த கட்டுரைதான் அது. ஆயினும் கிடப்பது வேறு, நூலாக்கிக் கையில் கொடுப்பது வேறு என்று மகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பத்து நாட்கள் கழித்துத் தாயும் மகளுமே பேசி முடிவு செய்தார்கள். குடும்பத்தாருக்கு எழுபத்து நான்கு கட்டுரைகளும் கொண்ட நூல். ஏனையோருக்கு எழுபத்து மூன்று. அச்சு நூலாயிருந்தால் இரண்டு பதிப்பு என்பது நினைத்தும் பார்க்க முடியாத செலவு. இங்கே பட்டியலில் ஒரு வரியை எடுத்துவிட்டு நிரலை மறுமுறை ஓட்டினோம். அரை மணித்துளியில் இரண்டாவது மூட்டை தயாராயிற்று. எடுத்த இடம் தெரியாதிருக்கட்டும் என்று எண்களை மாற்றி வரிசையாக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார் அம்மையார். ஆகவே பொது நூலில் நாற்பத்தேழுக்குப்பின் நாற்பத்தொன்பதே வரும்.

இணையத்தளம் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்து நீக்கப்பட்டது. இப்போது அம்முகவரியைத் திறந்தால் எதுவும் இல்லை.

நூலை விரும்பும் அங்கத்தினர் சங்கச் செயலாளரிடம் கேட்டுக் கைபேசியில் பெற்றுக்கொள்ளலாம், விலையில்லை. கிண்டில் கருவி வைத்திருப்போர் 2022 முதல் ஈபப் கோப்பை அப்படியே அக்கருவிக்கு அனுப்பிக்கொள்ள முடிகிறது. எழுத்து உடைந்து தெரிந்தால் கருவி மிகப் பழையது என்று பொருள். தமிழ்க் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கும் திறன் அதில் இராது. எழுத்துருவை நூலுக்குள் வைத்தாலும் அது தீராது.

ஒரு குறை எஞ்சியுள்ளது. முப்பத்தொன்றாம் கட்டுரையில், தாராவியில் தோல் பதனிடும் தொட்டியொன்றின் முன் ஆறு பேர் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று இருந்திருக்கிறது. அதனைப் பெரியவர் தம் தளத்தில் வைக்காமல், வேறோர் இலவசச் சேவையில் வைத்து இணைத்திருந்தார். அச்சேவை அவருக்கு முன்பே மறைந்துவிட்டது. படத்தின் அடிக்குறிப்பு மட்டும் நூலில் உள்ளது: இடமிருந்து மூன்றாமவர் தம் மாமனார் என்று. வீட்டில் தேடியாயிற்று, மூலப்படம் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவரின் குடும்பத்தார் தாராவியிலோ, சயானிலோ, செம்பூரிலோ இவ்விதழைப் படிக்கக்கூடும். அப்படத்தின் படி அவர்களிடம் இருக்குமாயின், கைபேசியில் ஒரு படமெடுத்துச் செயலாளருக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். மூட்டையை மறுபடி கட்ட அரை மணித்துளி போதும்.